கேசட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுத எனக்குப் பல வருஷத் தயக்கம். பெரம்பலூரில் நான் வைத்திருந்த ரேடியோ, டிவி ரிப்பேர் கடையைத் தெரிந்தவர்கள் இதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், லப்பைக்குடிகாட்டிலிருந்து கல்ஃப் பாய் ஒருவர் வந்தார். டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம் பெட்டியும், அதில் சொருகும் பாஸ்கெட்பால் கேசட்டும் கொண்டுவந்தார். திரையில் இரண்டு ஆள் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடி வளையத்தில் போடுவார்கள். ஆட்டுகிற கைப்பிடியில் ஒயர் அறுந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை எனக்கு பிளேன், மெக்கானிக். அதுக்குள்ள குடுத்துருங்க. மவ கைப்புள்ளயா இருக்கறப்ப போனவன் நான். இன்னும் என்னைய 'அத்தா'ன்னு வாய் தொறந்து கூப்புடல. இந்த ஆட்டம் ஆடறப்ப மட்டுந்தான் பக்கத்துல வந்து உக்காருது."

அத்தா என்றால் அவர்கள் வீட்டில் அப்பா.

சின்ன வேலைதான். சால்டரிங் வைத்து, ஆடியும் பார்த்துவிட்டேன். நன்றாக ஓடியது.

மறுநாள் பூஜை. கடையில் ஒரு சாமானும் விட்டுப்போகக் கூடாது என்பது என் பழக்கம். மீட்டர், சால்டரிங் அயர்ன், ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அந்தப் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொண்டு, பெட்டியில் சொருகியிருந்த கேசட்டின் தலையில் தாராளமாகவே பொட்டு வைத்தேன். சந்தனத்தை நீர்க்கக் கரைத்திருந்தேன். அது உள்ளே வழிந்ததை நான் பார்க்கவில்லை.

பூஜை முடிந்த மறுநாள் ஆன் செய்தால் திரையில் கோடு கோடாக ஓடியது. கேசட்டை உருவினேன். பெட்டிக்குள் போய்த் தொடும் செம்புப் பல்லெல்லாம் சந்தன மஞ்சள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் உயிர் வரவில்லை. ஷார்ட் ஆகி கேசட்டின் ஐசி போய்விட்டது. திருச்சியிலும் கிடைக்காத ஐசி.

அந்த நேரம் பார்த்து பாய் மகளோடு வந்து நின்றார்.

"என்ன மெக்கானிக், பந்து ஓடுதா?"

நெற்றியில் பட்டையாக விபூதி வைத்துக்கொண்டு சொன்னேன்: "கல்ஃப் சாமான் பாருங்க பாய். நம்மூரு கரண்டு தாங்கல."

அவர் முகம் வாடிப்போனது. பிள்ளை மட்டும் கேசட் சொருகும் வாய்க்குள் எட்டிப் பார்த்தது.

"அத்தா! இங்க பாருங்களேன், உள்ள சந்தனம் ஒட்டியிருக்கு!"

பாய் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"எங்க தர்காவுலயும் சந்தனம் பூசுவோம், மெக்கானிக். கேசட்டுக்குப் பூசுனதில்ல."

"என் கையாலதான் பாய் கெட்டுச்சு. பொய் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க."

"விடுங்க. எனக்கு வேண்டியது கெடச்சிருச்சு."

பிள்ளையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டார். கேசட் என் மேஜையிலேயே கிடந்தது.

அவருக்கு வேண்டியது கிடைத்தது ஆண்டவன் செயல். அதைக் காட்டி என் பொய்யை நான் கழித்துக்கொள்ள முடியாது. அன்றிலிருந்து பிறத்தியார் சாமானைப் பூஜையில் வைப்பதில்லை. அலமாரியில் மூடி வைத்து, அந்தப் பக்கம் பார்த்துக் கை மட்டும் கூப்புவேன். என் கையால் கெட்டால், என் கையால் கெட்டது என்றே சொல்லிவிடுவேன்.

இதை யாரிடமாவது சொன்னால், எதையும் குறைக்காமல் சொல்லுங்கள். சந்தனத்தோடு நிறுத்திவிட்டால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். விபூதி வைத்த நெற்றியோடு கரண்டு மேல் பழி போட்டேனே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.