வெள்ளிக்கிழமைக் கேக்

வேலையும் அறையும் போன பிறகு மனோர் பார்க் என்ற பகுதியில் ஒரு குடும்பத்தோடு ஆறு மாதம் தங்கியிருந்தேன். வீட்டுக்கார அண்ணையின் பிறந்தநாளுக்கு அவருடைய எட்டு வயது மகள் தானே கேக் செய்தாள். அன்று வெள்ளிக்கிழமை என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். வெள்ளியில் அண்ணை மீனோ இறைச்சியோ முட்டையோ தொடமாட்டார்.

கத்தியை எடுத்தவர், "முட்டை போட்டதோ பிள்ளை?" என்றார்.

"மூண்டு," என்றாள். பிறகுதான் அவளுக்கு விளங்கியது. முகம் வாடிவிட்டது.

அண்ணை கேக்கை வெட்டி எங்களுக்குத் தந்தார். "என்ர துண்டை மூடி வை. நாளைக்கு விடியச் சாப்பிடுறன்."

"நாளைக்கு உங்கட பேர்த்டே இல்லையே அப்பா."

"உன்ர கேக்கைத் தின்னாமல் எனக்கென்ன பேர்த்டே?"

அவள் தன் துண்டையும் திருப்பி வைத்தாள். அண்ணியும் வைத்தார். நான் அதற்குள் தின்று முடித்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மறுபடியும் பாட்டுப் பாடினோம். கேக் கொஞ்சம் காய்ந்திருந்தது. அண்ணை இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார்.