கட்டுக்குள் சாம்பல்

என் கால் பெருவிரலில் புண் இருந்தது எனக்கே தெரியாது. தரையில் ஈரத்தடம் பார்த்து வீட்டுக்காரிதான் கண்டுபிடித்தாள். சக்கரை வியாதியில் பாதம் மரத்துப் போயிருந்தது. தறியின் மிதிக்கட்டையில் துருத்திய ஆணியை நாள்கணக்கில் மிதித்திருக்கிறேன். ஆணிக்குத்தான் வலித்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கருப்பு பரவினால் விரலை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நான் பள்ளிக்கூடம் பக்கம் போகாதவன். பட்டு நெய்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதற்கு வேண்டிய காலும் போனால் என்ன ஆவேன் என்ற பயத்தில் வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

தினமும் கட்டுப்போட வரும் நர்சுக்கு என் தங்கை வயதிருக்கும். ஒரு நாள் கட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புண்ணெல்லாம் சாம்பல். போட்டது நான்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு இழையோடு புது இழையை முறுக்கிப் பிணைக்கும்போது விரல் வழுக்காமலிருக்க நாங்கள் சாம்பல் தொட்டுக்கொள்வோம். புண்ணில் ஈரம் கசிந்ததா, தொழில் தெரிந்தவன் சும்மா இருப்பேனா? வீட்டிலிருந்து பொட்டலம் வரவழைத்து, கட்டைத் தளர்த்தித் தூவிவிட்டேன்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. ஊற்றி ஊற்றிக் கழுவினாள். நடுநடுவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தக் கட்டில் வரிசை முழுக்க அவளுக்கு இன்னும் பாக்கி.

"விரலு போயிடுமோன்னு பயந்துகினுதானேண்ணா இத்த பண்ணீங்க?"

எனக்குக் கிண்டல் எதுவும் வரவில்லை. தலையாட்டினேன்.

தறியைப் பாதத்தின் எந்த இடத்தால் மிதிப்பேன் என்று கேட்டாள். புண்ணில்லாத காலின் முன்பாதத்தைக் கட்டில் கம்பியில் அழுத்திக் காட்டினேன். அதைப் போய் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து பார்த்தார். இப்போதே எடுத்தால் விரலோடு போகும், மிதிக்கிற பாதம் தங்கும். தள்ளிப்போட்டால் அதுவும் போகலாம் என்றார். அவர் போனபின் அவள் எங்கள் பேச்சில் இன்னொரு தடவை சொன்னாள். முடிவு என்னுடையது என்றும் சொன்னாள். எடுத்துவிடுங்கள் என்றேன்.

விரல் போனபிறகு முதல் கட்டைப் பிரிக்கும்போது, "இன்னிக்கி பாக்கறீங்களா, நாளைக்கி பாக்கறீங்களா?" என்று கேட்டாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அவள் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். மறுபடி தறியில் உட்கார முடியுமா என்று கேட்டேன்.

"ஆறட்டும், பாக்கலாம். ஆனா இனிமே வெறுங்காலோட மிதிக்கவே கூடாது. செருப்பு போட்டுகினுதான்."

எங்கள் தெருவில் மிதிக்கட்டை இருக்கும் தறிக்குழியில் செருப்போடு இறங்கியவன் கிடையாது.

"தறி சாமிம்மா. செருப்போட எப்பிடி?"

"சாமிகிட்ட நீங்க பேசிக்கங்க. காலுக்கு நான்தான் சொல்லணும்."

எந்த மாதிரி செருப்பு, எந்தக் கடையில் கிடைக்கும் என்று கட்டிலோரம் நின்ற என் வீட்டுக்காரி அவளிடம் கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவளைத் தடுக்காமல் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.