ரப்பர் புழுவும் புருவ நூலும்

வோபர்னில் ஒரு சலூனில் நூலால் புருவம் திருத்துவது என் தொழில். நூலின் ஒரு நுனி பல்லில், மற்றது விரல்களில். நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களிடம் நாள் முழுக்க நான் சொல்வது ஒரே ஒரு சொல்தான்: "அசையாதேங்கோ."

போன பனிக்காலம் வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் மாவுக்கட்டைக் கழற்றிய பிறகும் பெருவிரலும் சுட்டுவிரலும் மரத்தே கிடந்தன. நூல் இழுபடுவது விரலுக்குத் தெரியாமல் புருவத்தில் கை வைத்தால் யாருடைய தோலையாவது கிழித்துவிடுவேன். எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான். அந்தப் பயத்தில் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

என் கணவரின் தங்கை பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கிறாள். நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். மீன்பிடிப் பைத்தியம். ஜூன் கடைசியில் பாஸ் மீன் பிடிக்க அனுமதி தொடங்கியதும் காரோடு வந்து நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ மச்சாள். அண்ணையும் கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கட்டும்."

முதலில் தூண்டில் சாமான் கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்க லூர்கள், அதாவது பொய்யிரைகள். நகைக்கடைக்குள் விட்டதுபோல எனக்குத் தலைகால் புரியவில்லை. மினுங்கியதையெல்லாம் கூடைக்குள் போட்டேன். மச்சாள் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் சுவரில் மாட்டினாள்.

"உதுகளைப் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குத்தான் போகலாம். பழகிற ஆளுக்கு மூண்டு காணும்."

கம்பியில் தகடுகள் தொங்கிய ஒன்றை எடுத்துத் தந்தாள். நான் அதற்கு ஜிமிக்கி என்று பெயர் வைத்தேன். கலங்கிய தண்ணீரில் அதன் மினுக்கம் மீனை இழுக்குமாம். எறிந்துவிட்டு ஒரே சீராகச் சுற்றினால் போதும். அடுத்தது, அல்லி இலைகளுக்கு மேலே துள்ளவிடும் ரப்பர் தவளை. கடைசியாக மண்ணிறத்தில் ஒரு ரப்பர் புழு. தொடவே அருவருத்தேன்.

"தெளிஞ்ச தண்ணிக்கு உதுதான் சரி. மினுக்கம் கூடினா மீனுக்குச் சந்தேகம் வந்திடும்."

மார்க்கத்துக் குளத்தில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. நான் கேட்பேனா? ஜிமிக்கியைத்தான் எறிந்தேன். ஒரு மீனும் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சாள் புழுவை எடுத்துத் தூண்டில் கொளுக்கியில் கோத்தாள். பாசியில் சிக்காதபடி கொளுக்கியின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே மறைத்தாள். முடிச்சை நான் போட்டேன். மிச்ச நூலைப் பழக்கதோஷத்தில் பல்லால் கடித்தேன்.

புழு தண்ணீரில் விழுந்ததும் தூண்டில் கோலை ஆட்டத் தொடங்கினேன்.

"என்ன, மாவோ அரிக்கிறியள்? அது அடியிலை போய்க் கிடக்கட்டும். நூலை அந்த விரலாலை தொட்டுக்கொண்டிருங்கோ. அசைக்காதேங்கோ."

"அது என்ரை வசனம்."

"ஓம், ஒருக்கா நீங்களும் கேட்டுப் பாருங்கோவன்."

எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சுட்டுவிரலில் ஏதோ தட்டியது. ஒரு முடி வேரோடு கழன்று வருவதற்குச் சற்று முன்னால் நூலில் வருமே, அந்தச் சின்னத் துடிப்பு.

"மச்சாள், தெரியுது!"

"மீனோ?"

"விரல்! விரலுக்குத் தெரியுது!"

"விரலைப் பிறகு பாப்பம், கோலைத் தூக்குங்கோ!"

பச்சை முதுகும் விலாவில் கறுப்புப் பட்டையுமாக ஒரு பாஸ் வந்தது. பெருவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடித்தால் அடங்கும் என்றாள். பிடித்தேன். அந்த உதடு சொரசொரவென்றிருந்தது. அதுவும் தெரிந்தது, மங்கலாக. மற்றக் கையால் கொளுக்கியைக் கழற்றும்போது என் வாய் தன்பாட்டில் சொன்னது: "அசையாதேங்கோ, இந்தா முடிஞ்சுது."

மீனைத் தண்ணீரில் விட்டேன். கரையிலேயே இருந்து அழுதேன். மாதக்கணக்காக என் சிடுசிடுப்பைப் பொறுத்த வீட்டுக்காரருக்கும், கூட்டிவந்த மச்சாளுக்கும், அந்த மீனுக்கும் அந்த நேரம் எனக்குள் பெருகிய நன்றிக்கு அளவில்லை.

மச்சாள் கொண்டுவந்த மடக்கு நாற்காலியை விரித்துச் சாய்ந்துகொண்டாள்.

"கைப்பையிலை நூல் கிடக்குதோ?"

கிடந்தது. வேலைக்குப் போகாத அத்தனை நாளும் அதைப் பையைவிட்டு எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"விசரே உமக்கு? விரல் இன்னும் முழுசா வரேல்லை. கீறிப்போடுவன்."

அவள் கண்ணை மூடி, புருவத்துத் தோலைத் தன் இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்தாள்.

"நான் அசையமாட்டன்," என்றாள்.