மணியக்காவின் கை

எங்கள் பல்கலைக்கழகத்தில் குழந்தைக் காப்பகம் ஒன்று இருப்பது அங்கே படிக்கிற பாதிப் பேருக்குத் தெரியாது. சைக்கிள் நிறுத்துமிடத்தை ஒட்டி நீளமாக ஒரு கட்டடம், அதற்கு இரண்டு கதவுகள். இடப்பக்கக் கதவு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி அலுவலகம். வலப்பக்கக் கதவு நாங்கள். நடுவில் ஒரே ஒரு சுவர்தான். படிக்க வந்த அம்மாக்கள் காலையில் பிள்ளையை எங்களிடம் விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். நான் அங்கே பால் காய்ச்சுகிறவள், துணி அலசுகிறவள், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பிரித்து விடுகிறவள். பொறுப்பாளர் மணியக்கா.

அது அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயரல்ல, பித்தளை மணி வைத்த பெயர். தினமும் நாலே முக்காலுக்கு வாசலில் நின்று அந்தக் கைமணியை ஆட்டுவாள். மணி அடித்தால் பிள்ளைகள் பொம்மைகளைக் கூடையில் போட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வரிசையில் உட்கார வேண்டும். ஐந்துக்குப் பூட்டு விழும். அதற்கு மேல் வருகிற தாய் வாசல் காவலரின் அறையில் போய்த்தான் பிள்ளையைத் தேட வேண்டும். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளையானாலும் அதே கதிதான்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று பேசாத தாய் கிடையாது. நானே பேசியிருக்கிறேன், அதுவும் அவள் முகத்துக்கு நேராக. அவள் வீட்டில் பக்கவாதம் வந்து படுத்துவிட்ட புருஷன் இருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா ஐந்தரையானால் கிளம்பிவிடுவாள். இதை மணியக்கா யாரிடமும் சொல்லிப் பரிதாபம் தேட மாட்டாள். எனக்குத் தெரியும் என்பதே அவளுக்குப் பிடிக்காது.

பட்டாணி என்று ஒரு குட்டி எங்களிடம் இருந்தாள். பார்க்கவும் உருட்டவும் பட்டாணி மாதிரியே இருந்ததால் நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். அவள் அம்மா சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போய்ச் சக்கர நாற்காலிதான் கால். வலது கையும் கொஞ்சம் பலவீனம். ஒரு பக்கம் எழுதினால் விரல் மரத்துப்போகும், உதறி உதறி மறுபடி எழுதுவாள். புருஷன் லாரி ஓட்டுகிறவன், எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. காலையில் பட்டாணியை மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு வருவாள்.

சேர்ந்த புதிதில் ஒரே ஒரு நாள் அவள் தாமதமாக வந்தாள். சட்டம் சட்டம்தானே, பட்டாணி காவலர் அறைக்குப் போனாள். அவர் மீசையைப் பார்த்து மிரண்டு, தொண்டை கட்டும்வரை அழுதிருக்கிறது பிள்ளை. அதற்குப் பிறகு அந்தத் தாய் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. மணி அடித்த கொஞ்ச நேரத்தில் சக்கரச் சத்தம் கேட்கும். "பார்த்தியா, கண்டிப்பா இருந்தாத்தான் ஒழுங்கு வரும்" என்று மணியக்கா என்னிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

எங்கள் குடிதண்ணீரும் பக்கத்து அலுவலகத்தின் குடிதண்ணீரும் ஒரே குழாய்தான். அந்த அலுவலக அதிகாரி தினமும் பாட்டிலோடு வருவார். தங்கமான மனுஷன், ஆனால் தன் காகிதத்தை விட்டுத் தலை நிமிர மாட்டார். ஒரு நாள் பட்டாணியைப் பார்த்துவிட்டு, "இது அந்தச் சட்டம் படிக்கிற பொண்ணோட குழந்தையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அந்தப் பொண்ணை என்ன பண்றதுன்னே தெரியலம்மா. ஒரு பேப்பர்ல ரெண்டு தடவை போயிடுச்சு. அடுத்த மாசம் கடைசி வாய்ப்பு. அதுலயும் போனா படிப்பை விட்டு வெளிய அனுப்பிடுவாங்க, விதி அப்படி. நான் மல்லுக்கட்டி அவளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா வாங்கிக் குடுத்திருக்கேன். மத்தவங்களுக்கு நாலரைக்கு முடியும், அவளுக்கு அஞ்சரை வரைக்கும் இருக்கு. உட்கார்ந்து எழுத மாட்டேங்குறா. பாதிக் கேள்வி அப்படியே கிடக்கும், ஒவ்வொரு பரீட்சையிலயும் சரியா நாலே முக்காலுக்குப் பேப்பரைக் குடுத்துட்டுப் போயிடறா."

என் கையிலிருந்த பால் பாத்திரம் நழுவிக் கீழே விழுந்தது. மணியக்கா ஒரு பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு அப்படியே நின்றது. பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

நாலே முக்கால். அதிகாரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போயேவிட்டார். அந்த மணிச் சத்தம் அவர் சுவரிலும் தினமும் மோதியதுதான். ஒரு கதவு அவளுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தது, பக்கத்துக் கதவான நாங்கள் அதைப் பிடுங்கிக்கொண்டோம். இத்தனை வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் குடித்தவர்கள் இதை ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் அந்தத் தாய் வந்ததும் மணியக்கா வழியை மறித்து நின்றாள். "ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"என்னக்கா சொல்றது?" என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு. "அந்தப் பக்கம் ஒரு சலுகை வாங்குறேன், இந்தப் பக்கம் ஒரு சலுகை வாங்குறேன். மூணாவதா ஒண்ணு கேட்டா, இடத்தையே எடுத்துடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு."

மணியக்கா வழியை விட்டு விலகி, பட்டாணியைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

மறுநாளே அவள் போய் நின்றது யார் வாசலில் தெரியுமா? தன் நாத்தனார் வாசலில். இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து பல காலம். எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது, வீம்பு மட்டும் மிச்சம். பரீட்சை அன்று சாயங்காலம் அண்ணனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மணியக்கா கேட்க, "இதைக் கேக்க இத்தனை வருஷமா?" என்று திட்டிக்கொண்டே நாத்தனார் ஒப்புக்கொண்டாளாம்.

பரீட்சை நாள் வந்தது. தேர்வுக் கூடம் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே, முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. கூடுதல் நேரக்காரர்களுக்கு அதன் ஓரத்தில் ஒரு சின்ன அறை, ஜன்னல் எங்களைப் பார்த்து இருக்கும். மணியக்கா பட்டாணியை வாங்கிக்கொண்டு, "நீ கடைசி நிமிஷம் வரைக்கும் எழுது. நான் பூட்ட மாட்டேன், எங்கயும் போக மாட்டேன். என்னை நம்பு" என்றாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் முழுக்க மணியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரைக்கு மற்ற மாணவர்கள் கலகலவென்று வெளியே வந்தார்கள். "அவ வரல பாரு, உள்ளதான் எழுதுறா" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பிறகு ஒரு பயல் மண்ணைத் தின்னப் போக, நான் அவன் வாயைக் கழுவக் குழாயடிக்குப் போனேன்.

அப்போது மணி அடித்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயலை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். மணியக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் மணி. பிள்ளைகள் கர்மசிரத்தையாகப் பொம்மைகளைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் தன் கையைப் பார்த்தாள். அது வேறு யாருடைய கையோ என்பது போல் பார்த்தாள்.

"அடிச்சிட்டேனா?" என்று என்னைக் கேட்டாள். "நானா அடிச்சேன்?"

அதற்குள் முற்றத்தில் சக்கரச் சத்தம். பட்டாணியின் அம்மா வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் நாற்காலி நின்றது. முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"மணி கேட்டுச்சுக்கா. கை தானா பேப்பரை மூடிடுச்சு. குடுத்துட்டு வெளிய வந்த பிறகுதான் நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு" என்றாள். "திருப்பிக் கேட்டேன். குடுத்தா குடுத்ததுதானாம்."

அழவில்லை, கோபப்படவில்லை. பட்டாணியை மடியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தாலாவது தேவலை. மணியக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நல்லது செய்யப் போய் நாமே அந்தப் பெண்ணின் தலையில் கல்லைப் போட்டோமே என்று நான் வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. மணியைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் அவள் நேராகத் தேர்வுப் பிரிவின் மேலதிகாரியிடம் போனாள். துணைக்கு நானும் பக்கத்து அலுவலக அதிகாரியும். தேர்வு நடக்கும்போது வெளியே சத்தம் போட்டு யாராவது இடைஞ்சல் செய்தால், பாதிக்கப்பட்டவருக்கு மறுதேர்வு வைக்க விதி இருக்கிறது என்று அவர்தான் வழியில் சொல்லிக்கொண்டு வந்தார். உள்ளே போனதும் மணியக்கா உட்காரக்கூட இல்லை.

"நேத்து பரீட்சை நேரத்துல இடைஞ்சல் பண்ணது நான்தான் சார்."

மேலதிகாரி சிரித்தார். "காப்பகத்து மணியா? அது தினமும் அடிக்கிறதுதானேம்மா. அதுல என்ன இடைஞ்சல்?"

"தினமும் அடிக்கிறேன், அதைத்தான் சொல்றேன். அந்தப் பொண்ணு எழுதின ஒவ்வொரு பரீட்சையிலயும், போதும் கிளம்பி வான்னு அடிச்சிருக்கேன். அவ ஃபெயிலாகல சார். நான்தான் ஃபெயிலாக்கினேன்."

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. எழுத்தில் கொடுத்தால் அவள்மேல் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தார். "வரட்டும் சார்" என்றாள். அவள் ஓய்வு பெற அதிக நாள் இல்லை, வம்பை விலை கொடுத்து வாங்குகிறாளே என்று நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

நடவடிக்கை வரத்தான் செய்தது. பொறுப்பாளர் பதவியைப் பிடுங்கி என்னைப் போல அவளையும் ஆயாவாக்கினார்கள். மறுதேர்வுக்கும் அனுமதி வந்தது. பரீட்சை நாட்களில் காப்பகம் ஆறு மணிவரை திறந்திருக்கும் என்று ஓர் உத்தரவும் வந்தது. இதைச் செய்ய இவர்களுக்கு ஒரு மனுஷியின் பதவி தேவைப்பட்டிருக்கிறது. எங்கே போய் முட்டிக்கொள்வது?

பட்டாணியின் அம்மா தேறினாளா என்று கேட்பீர்கள். தேறினாள். ஆனால் என் மனதில் நிற்பது ரிசல்ட் வந்த நாளல்ல, மறுதேர்வு எழுதிய சாயங்காலம்தான்.

அன்று மணி அடிக்கவில்லை. வீட்டில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் மறுபடி வந்திருந்தாள். நாலே முக்கால் தாண்டியும் பிள்ளைகள் பொம்மையைக் கீழே வைக்காமல் எங்களைப் படாதபாடு படுத்தினார்கள். தாய்மார்கள் வந்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. கடைசியில் பட்டாணி மட்டும் மிஞ்சினாள். மணியக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மறுபடி அவை சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்று.

ஐந்து மணி தாண்டி வெகு நேரம் கழித்துச் சக்கரச் சத்தம் கேட்டது. "எல்லாக் கேள்வியும் எழுதிட்டேன்கா" என்றாள் அந்தப் பெண். விரல்கள் வீங்கியிருந்தன. மணியக்கா அந்த விரல்களைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

பட்டாணி மட்டும் அசையவில்லை. "இன்னும் மணி அடிக்கல. நான் வர மாட்டேன்" என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அம்மா சிரித்துவிட்டாள். "ஒரே ஒரு தடவை அடிச்சுடுங்கக்கா. இல்லேன்னா இவ இங்கயே குடித்தனம் பண்ணிடுவா."

மணியக்கா அலமாரியைத் திறந்து மணியை எடுத்தாள். வாசல்வரை வந்தவள் நின்றாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள வேற யாராவது எழுதுறாங்களா?"

"கண் தெரியாத ஒருத்தர் இருக்கார்கா. அவருக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு."

மணியக்கா மணியின் நாக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டாணியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். குழந்தையின் காதருகே வாயை வைத்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில், "டிங் டிங்" என்றாள்.

பட்டாணி எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.