மேலே இருந்த கையேடு

ஜொகூர் பாரு பேரங்காடியில் கல்விக் கண்காட்சி. என் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணி, சிங்கப்பூரில் இரவு வேலை முடிந்து தொழிற்சாலைச் சட்டையோடு நேராக வந்திருந்தார். தூங்குவதும் விழிப்பதுமாக இருந்தார். மடியில் இரண்டு கல்லூரிகளின் கையேடுகள். ஒன்று உலு திராம், மற்றது கோலாலம்பூர். ஒருமுறை விழித்தபோது கோலாலம்பூரை எடுத்து மேலே வைத்தார்.

“மகளுக்கா, அக்கா?”

“ஆமா. குடும்பப் பொருளாதாரம் படிக்கணுமாம்.”

“உலு திராம்னா வீட்டுக்குப் பக்கம்லா?”

“அவளும் அதான் சொல்றா. பக்கத்துல இருந்தா தம்பிங்களுக்கு ஆக்கிப் போட்டு, துணி தொவச்சு, மிச்ச நேரத்துலதான் படிப்பா. இப்பவே அப்படித்தான்.”

“அவ போய்ட்டா வீட்ட யாரு பாத்துக்குவாங்க, அக்கா?”

அதற்குள் தூங்கிவிட்டார்.

கல்லூரி மேசைகளில் விசாரித்துவிட்டுத் திரும்பிய மகள், அம்மாவின் தூக்கம் கலையாமல் உலு திராமை எடுத்து மேலே வைத்தாள். எழுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.