அம்மா தனியாகக் குளிக்க ஒரு தரை

அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் முட்டி அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் அம்மா என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஆஸ்பத்திரி முடிஞ்சி உன் வூட்டுக்கு வர்றேன். ஆனா தனியாத்தான் குளிப்பேன். நீ உள்ள வந்து முதுகு தேய்ச்சி விடுற வேலையெல்லாம் வேணாம். அப்படி ஏதாச்சும் ஆச்சு, நேரா பண்டார் பாருவுக்குப் போயிருவேன்."

பண்டார் பாருவில் அவருக்கு ஒரு வாடகை வீடும் ஒரு பூனையும் இருந்தன. அங்கே அவர் வழுக்கி விழுந்தால் அந்தப் பூனைக்குத்தான் முதலில் தெரியும். அதுவும் தன் சாப்பாட்டு நேரம் தவறிய பிறகுதான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே குருண் ஊரில், தாமான் எனப்படும் குடியிருப்பிலுள்ள எங்கள் வீட்டுக் குளியலறையை அம்மா யாருடைய துணையுமின்றிக் குளிக்கக்கூடிய இடமாக மாற்றியே தீர வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அந்தக் குளியலறை, வீட்டைக் கட்டியவர்கள் மனிதர்களை மறந்துவிட்டுக் கட்டிய பகுதி. சமையலறையிலிருந்து ஒரு படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பாதி இடத்தைச் சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியைப் பாசியும் நாங்களும் பங்கிட்டுக்கொண்டோம். புதிய முட்டியோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அந்தப் படியில் இறங்குவது நடக்காத காரியம்.

நான் சமூகப்பணி படித்தவள். முதியோருக்கான தடையற்ற இல்லம் பற்றிய இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றிலும் கலந்துகொண்டிருக்கிறேன். அந்த மண்டபத்தின் கழிப்பறைக்குப் போக மூன்று படிகள் ஏற வேண்டியிருந்ததை அங்கே பேசிய எவரும் குறிப்பிடவில்லை என்றாலும், படியே கூடாது என்ற பாடத்தை நான் முழுமையாக உள்வாங்கிக்கொண்டேன். என் திட்டம் எளிமையானது. தொட்டியை இடித்து, தரையைச் சமையலறைத் தரையின் உயரத்துக்கு உயர்த்தி, சொரசொரப்பான டைல் பதித்து, சுவரில் பிடிகம்பி பொருத்த வேண்டும்.

"கொன்ட்ராக்டரக் கூப்பிடலாம்லா," என்றார் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் என் கணவர்.

அதையும் யோசித்துப் பார்த்திருந்தேன். கொன்ட்ராக்டர் தம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கு முறையாகச் சம்பளம் தருகிறாரா, அவர்களுக்குக் காப்புறுதி உண்டா, அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று எதுவும் தெரியாமல் எப்படி அழைப்பது என்று கேட்டேன்.

"அப்ப சம்பளமே இல்லாம உன்ன வேல வாங்குறது மட்டும் நியாயமா?" என்றார் அவர். இந்தக் கேள்விக்கு எந்தப் பயிலரங்கிலும் விடை தரப்படவில்லை.

முதல் சனிக்கிழமை தொட்டியை இடிக்கத் தொடங்கினேன். பக்கத்து வீட்டு அண்ணன் பின்சுவருக்கு மேல் தலையை நீட்டினார். வார நாட்களில் அவரும் தொழிற்சாலைக்குப் போகிறவர். விடுமுறையில் டைல் பதிப்பவர்.

"என்ன தங்கச்சி, அரசாங்கத்தக் கவுக்குறியா?"

"பாத்ரூம்ண்ணே. அம்மாவுக்காக. படியே கூடாதுன்னு செமினார்ல சொன்னாங்க."

"நான் ஒரு நாள் வந்து போட்டுக் குடுத்துர்றேன்லா."

வாரம் முழுவதும் உழைக்கிறவருடைய ஓய்வு நாளைப் பறிப்பது சரியல்ல என்று நான் உண்மையாகவே நம்பினேன். ஓய்வு தொழிலாளியின் உரிமை என்று அவரிடமே சொன்னேன்.

"அந்த உரிமைய வச்சிக்கிட்டு வூட்ல குந்தியிருந்தா உங்க அண்ணி திட்டுறதத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

நான்கு வார இறுதிகள் வேலை செய்தேன். காணொளிகளைப் பார்த்துச் சிமெண்ட் கலக்கக் கற்றேன். நடுவில் காற்றுக்குமிழி ஓடும் ரசமட்டம் ஒன்றை ஹார்ட்வேர் கடையில் வாங்கினேன். ஒவ்வொரு டைலையும் பதித்த பிறகு நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அதை வைத்துப் பார்த்தேன். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில், தியானத்தில் இருப்பதைப் போல அசையாமல் நிற்கும் வரை விடவில்லை. முடிந்ததும் அந்தக் குமிழியைக் காணொளியாக எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பல ஊர்களிலிருந்து கைகூப்பும் படங்கள் வந்தன. கோயில் கும்பாபிஷேகத்துக்கு வருவதைவிட அதிகமாகவே வந்தன என்று நினைக்கிறேன்.

டைல்களின் இடைவெளியில் பூசிய பூச்சு நன்றாகக் காயட்டும் என்று அறைக்குள் ஒரு துளி நீர்கூட விடாமல் காத்தேன். அந்த நாட்களில் நாங்கள் பின்கட்டில் குழாயடியில் குளித்தோம். கைலியோடு நின்ற என் கணவர், "அம்மா குளிக்கணும்னு நம்மள நடுத்தெருவுல வுட்டுட்ட," என்று பின்சந்துக்கே கேட்கும்படி சொன்னார்.

கெடா மாநிலத்தில் வார விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை நண்பகல் அம்மா வந்து இறங்கினார். காயத்தின் மேல் தண்ணீர் புகாத கட்டுப் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தபடி குளிக்கலாம் என்று தாதி சொல்லியிருந்தார். உடம்பெல்லாம் மருந்து வாடை அடிக்கிறது, முதலில் குளிக்க வேண்டும் என்றார் அம்மா. வாக்கர் எங்கும் தட்டாமல் சமையலறையைக் கடந்து நேராகக் குளியலறைக்குள் போனது. படியே இல்லை. அம்மா திரும்பி என்னைப் பார்த்து, "பரவால்லியே," என்றார். என் பட்டமளிப்பு விழாவில்கூட அவர் அவ்வளவு சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்.

சற்று நேரத்தில் கதவின் அடியிலிருந்து தண்ணீர் வெளியே வந்தது. அவசரமே இல்லாமல், விருந்துக்கு அழைக்கப்பட்டதைப் போல வந்தது. குளிர்பெட்டியைச் சுற்றிக்கொண்டு அரிசி மூட்டையை நோக்கிப் போயிற்று.

"ஏண்டி, இந்தத் தண்ணி போகவே மாட்டேங்குது!" உள்ளிருந்து அம்மாவின் குரல்.

கதவைத் திறந்தேன். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் அளவு என்று சொல்ல முடியாது; ஆனால் பாதம் நனைந்து, சோப்பு நுரை சுற்றி மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் அறை முழுவதும் தேங்கி நின்றது. மூலையில் தண்ணீர் வெளியேற விட்டிருந்த ஓட்டை அதைக் கண்டுகொள்ளவேயில்லை. அந்த நுரையில் வாக்கரை ஊன்றி எழுவது ஆபத்து என்பது இருவருக்கும் தெரிந்தது. பாதி சோப்பு போட்ட உடம்போடு, மார்பில் கட்டிய கைலியோடு அம்மா என் தோளைப் பிடித்துத்தான் எழ வேண்டியதாயிற்று. நான்தான் தலையில் மீதித் தண்ணீரை ஊற்றினேன். நான்தான் துடைத்தேன். எது நடக்கக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டாரோ, அது முதல் நாளே, நான் கட்டிய தரையிலேயே நடந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. உடை மாற்றி உட்கார்ந்த பிறகு, "என் பையக் காடில வைக்கச் சொல்லு. சாயங்காலம் பஸ் இருக்கும்," என்று மட்டும் சொன்னார். காடி என்றால் அவருக்குக் கார். அந்த முட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சொற்கள் எனக்கு அவ்வளவு கனமாக இருந்தன. சில நாள் பொறுக்கும்படி கேட்டேன். செவ்வாய் வரைக்கும் என்றார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். இம்முறை எவருடைய உரிமையைப் பற்றியும் பேசவில்லை. அவர் அறை நடுவில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகா போட்டிருக்கியேமா. கேரம் போர்டு மாதிரி இருக்கு."

"சொல்லுங்கண்ணே, பரவால்ல."

"படி இல்லாம வச்சது நல்ல ஐடியாதான். ஆனா தண்ணி உன் செமினாருக்கு வரலியே. அதுக்கு எந்தப் பக்கம் போறதுன்னு நீதான சொல்லணும்? வாசல்லேருந்து ஓட்டைக்கு எறக்கம் வேணும்லா."

சமையலறை நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்திருந்த அம்மா, "டிகிரி குடுக்கறப்ப அத சொல்லித் தரல போல, தம்பி," என்றார். செவ்வாய் என்று கெடு வைத்த பிறகு அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்; எனக்கு மூன்று நாள் ஆனதுபோல் இருந்தது, ஆனால் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

நான்கு வாரம் பதித்ததை ஒரு மாலையில் பெயர்த்தோம். அண்ணன் வாசல் ஓரத்திலிருந்து மூலை ஓட்டை வரை நூல் பிடித்தார். நான் சிமெண்ட் கலந்தேன். குமிழி எப்போதும் ஓட்டைக்கு எதிர்ப்பக்கமே ஒதுங்கி நிற்க வேண்டும் என்றார். மறுநாள் மாலை டைல் பதித்து முடித்தோம். அம்மா ஈரத்துண்டால் தம்மைத் தாமே துடைத்துக்கொண்டு, "என்கிட்ட யாரும் பக்கத்துல வராதீங்க, நாறுறேன்," என்று வருகிற எல்லோரிடமும் புகார் செய்தார். அண்ணன் கொண்டுவந்த கறிபப் பலகாரத்தை மட்டும் பக்கத்தில் வர அனுமதித்தார்.

செவ்வாய் காலை வாளி வாளியாக நானே தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எல்லாம் ஓட்டைக்குப் போயிற்று. அதன் பிறகுதான் அம்மாவை அழைத்தேன்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. இதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் விழுந்தால் எப்படித் திறப்பது? கீல்களின் திருகாணி வெளிப்பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றேன். உள்ளே தண்ணீர் விழுந்தது. என் பாதத்தின் அருகே தரை காய்ந்தே இருந்தது.

"அங்க நிக்கிறியா?"

"இல்லம்மா."

"இல்லன்னு எங்கேருந்துடி சொல்ற?"

திருப்புளியோடு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டிய என் கணவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். கதவைத் தட்டட்டுமா என்று ஒருமுறை கேட்டார். அம்மா ஆற அமரக் குளிக்கட்டும், வேண்டாம் என்றேன். அன்றும் அவர் பின்கட்டில்தான் குளித்தார்.