வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

முத்தாரம்மனை நம்பி செவ்வாய்தோறும் விளக்கேற்றும் அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் பகவதி எழுதுகிறேன். அம்மை எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் மனிதர்கள் செய்ததை விட்டுவிட்டு அதைச் சொல்ல முடியாது. யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். என் கோபமே இன்னும் அடங்கவில்லை.

போன வருஷம் ஆனி மாதம் என் வீட்டுக்காரர் நாகராஜன் வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தார். சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நானும் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்து அதை மாற்றாமல் தீராது என்றார். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் அழவில்லை. அழக்கூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் உண்டு. அதற்குப் பிறகுள்ள செலவுக்கு ஒன்றுமில்லை. ஆயுசு முழுக்க மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கில் வேலை கிடையாது. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளமும் கிடையாது.

செய்தி தெரிந்த அன்றே எதிர்வீட்டு ஷைலா சேச்சி வந்துவிட்டாள். மலையாளத்துக்காரி, ஐந்தாறு வருஷமாகப் பழக்கம். நாம் பிழைக்க வந்த இந்த மலையாள ஊரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பெரிய சிகிச்சை என்றால் தெருவில் ஒரு சகாய சமிதி, உதவிக் குழு, உண்டாகும். நோயாளியின் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டுவார்கள். பையன்கள் கூடி பிரியாணி சமைத்து, வீடு வீடாகப் பொதி விற்று, லாபத்தை அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். பிரியாணி சேலஞ்ச் என்று பேர். சேச்சி அதற்குத்தான் சம்மதம் கேட்டு வந்தாள்.

அந்த நேரம் ஆறுமுகம் மாமாவும் வீட்டில் இருந்தார். என் வீட்டுக்காரரின் அம்மா கூடப் பிறந்தவர், சொந்தத் தாய்மாமன். நம் கோயில் சமுதாயத்தின் செயலாளர். என் வீட்டுக்காரருக்கு அப்பா இல்லை. மாமா கை பிடித்துத்தான் நாகர்கோவிலில் இருந்து கரமனைக்கு வந்தார். மாமா சொன்னால் ராத்திரியைப் பகல் என்பார். கோயில் கணக்கு முழுவதையும் வருஷக்கணக்காகக் ஒரு காசும் வாங்காமல் எழுதியதும் அந்த மாமாவுக்காகத்தான்.

சேச்சி போகட்டும் என்று காத்திருந்துவிட்டு மாமா சொன்னார்: "நம்ம பய படத்த கரண்டு கம்பத்துல கெட்டித் தூக்கணுமா? அதும் எறச்சி வித்த காசுல மருந்து வாங்கவா? சமுதாயம் செத்தா போச்சு? நான் பாத்துக்கிடுவேன், கேட்டியா."

வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மை முன்னால் சூடம் ஏற்றி, "இவன் எழுந்து நடக்குற வரைக்கும் ஆஸ்பத்திரிச் செலவு சமுதாயத்தோடது" என்று சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தார். நாஞ்சில் நாட்டில் பிறந்தவளுக்கு அதற்குமேல் என்ன பத்திரம் வேண்டும்? அன்றைக்கே சேச்சி வீட்டுப் படியேறி, "நாங்க அதெல்லாம் தொடாத ஆளுங்க சேச்சி. எங்க ஆளுங்க எங்களைப் பாத்துப்பாங்க" என்றேன். சொன்ன தோரணை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சேச்சி தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆடியில் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. அம்மை காத்தாள் என்று கும்பிட்டோம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் தொடங்கியது. நெஞ்சில் தைத்த இடம் சிவந்து, நீர் கசிந்தது. மறுபடி அட்மிட். தையலில் கிருமி ஏறிவிட்டது, விலைகூடின ஊசி வாரக்கணக்கில் போட வேண்டும், உள்ளே வைத்த புது வால்வுக்குப் பரவினால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. என் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் பேங்கில் அடகுக்குப் போய்விட்டது.

மாமாவுக்கு போன் செய்தேன். "பாத்துக்கிடலாம் மக்கா" என்றார். மறுநாள், "மீட்டிங்குல இருக்கேன்." அதற்கு மறுநாள் மணி அடித்து அடித்து நின்றது. பிறகு அதுவும் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரி கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கல்நெஞ்சுக்காரி இல்லை, பாக்கியைக் கேட்க அவளுக்கே சங்கடம்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயிலுக்கு ஓடினேன். விளக்குப் பூசை முடிந்து நீங்கள் எல்லாம் பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தீர்கள். சொர்ணம் அக்கா என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"உன்ன நெனச்சா அப்பிடி ஒரு பெருமை பிள்ளே! சமுதாயத்துப் பணம் வேண்டாம், எங்களுக்கு ஊருல மனை இருக்கு, வித்துப் பாத்துக்கிடுவோம்னு சொல்லிட்டியாமே. செயலாளர் கூட்டத்துல சொன்னாவ. எல்லாரும் கையடிச்சோம்."

எங்களுக்கு ஊரில் மனையும் இல்லை, மண்ணும் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. என் புருஷன் உயிருக்குப் போராடும்போது என் பேரைச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்கள். அக்காமாரே, அன்று கை தட்டியவர்களில் ஒருவருக்காவது என் வீட்டு வாசல் வரை வந்து, நிஜமா என்று கேட்கத் தோன்றவில்லையே. அதையும் இங்கே எழுதாமல் விட்டால் என் சாட்சி பொய்ச்சாட்சி.

மாமா கோயில் ஆபீசில்தான் இருந்தார். கொடைத் திருவிழாவுக்கு அம்மைக்கு வெள்ளி அங்கி செய்யக் கொடுத்திருக்கிறார்கள், தட்டான் வந்து அளவு காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதுக்கு மாமா அப்பிடிச் சொன்னியோ?"

"சத்தம் போடாத. ஒன் மானத்தக் காப்பாத்தத்தான் சொன்னேன். இல்லாட்டா நாகராசன் பிச்சை எடுக்கான்னுல்லா பேசுவாவ? பொதுப்பணம் பாத்துக்கோ. ஒருத்தருக்குக் குடுத்தா நாளைக்கு ஒம்பது பேரு வருவா. அங்கிக்கும் சொல்லியாச்சு."

"சூடம் அணச்சியளே மாமா."

"அது அம்மைக்கு அணச்சது. அவ பாத்துக்கிடுவா."

கடன்காரன் ஏமாற்றினால் வயிறு எரியும். சொந்த மாமன் ஏமாற்றினால் எரிய ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. நான் அம்மையைக் கும்பிடாமலே வெளியே வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் இவர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். "மாமா வாறாரா?" என்று கேட்டார். அந்தக் காய்ச்சலிலும் மாமா! நான் வராந்தாவுக்குப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பட்டப்பகல். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்கள். எனக்கு வெட்கமில்லை. அம்மையை ஏசினேன். பிரார்த்தனை என்று சொன்னால் அது பொய், ஏச்சுதான்.

"உன் முன்னால அணச்ச சூடம் உனக்கே பொருட்டு இல்லன்னா எனக்கு நீ எதுக்கு? வெள்ளி அங்கி போட்டு நீ நில்லு, நான் வெள்ளைச்சீலை கட்டி நிக்கேன், அப்படித்தானே?" என்றேன். ஏசி ஏசி வாய் ஓய்ந்தது. கடைசியில் வாயில் வந்தது இது: "அம்மே, இவர மட்டும் தா. யார் கையால தந்தாலும் வாங்கிக்கிடுவேன். இன்னார்தான் வேணும்னு இனி சொல்ல மாட்டேன்."

அன்று சாயங்காலமே ஷைலா சேச்சி வந்தாள். ஒரு கையில் கஞ்சிப் பாத்திரம், இன்னொரு கையில் என் மகள். அவளை இத்தனை நாளும் சேச்சிதான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

"கரையாதே மோளே," என்று என் கண்ணைத் துடைத்தாள். "பிரியாணி வேண்டேங்கில் வேண்டா. பாயசத்தில எறச்சி உண்டோ? ஓணம் வருகயல்லே. அடைப்பிரதமன் வச்சா ஆரும் வேண்டான்னு பறயில்லா."

"நான் அன்னைக்கு உங்ககிட்ட அப்படிப் பேசினேனே சேச்சி."

"பேசினாய். எனிக்கு நல்ல தேஷ்யம் வந்தது. அதுக்கு நாகராஜன் எந்து செய்தான்? சுகமில்லாதது அவனுக்கு, நின்டெ வாய்க்கு அல்லல்லோ."

கோபம் வந்ததை மறைக்காமல் சொன்னாளே, அதில்தான் எனக்கு உயிர் திரும்பியது.

தெருப் பையன்கள் சமிதி சேர்த்தார்கள், பாயச சேலஞ்ச் என்று செய்தி போனது. ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வாங்கினார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வாங்கினார்கள், எனக்கு முகம் தெரியாத ஆபீஸ்களில் இருந்து ஆர்டர் வந்தது. சேச்சி வீட்டு முற்றத்தில் பாயச உருளியை அடுப்பில் ஏற்றினோம். எனக்கு ஆஸ்பத்திரிக்கும் உருளிக்குமாக ஓட்டம். மதியத்துக்கு மேல் சொர்ணம் அக்கா காய்கறிப் பைக்குள் திருவலைக் குற்றியை ஒளித்துவைத்து, செயலாளர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வந்தாள். ஒன்றும் பேசவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேங்காய் திருவ உட்கார்ந்தாள். கண்ணீர் தேங்காய்ப்பூவில் விழப்போகிறது என்று நான்தான் பயந்தேன்.

பாயச விற்பனையைக் கேள்விப்பட்டு, விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றின் ஆட்கள், ஒருநாள் ஓட்டத்தை எங்களுக்கு விட்டுத் தந்தார்கள். அன்று டிக்கெட் கிடையாது. கண்டக்டர் பக்கெட் ஏந்திக்கொண்டு வருவார், மனசுபோலப் போடலாம். "நீ வந்தே தீரணும்" என்று சேச்சி என்னையும் ஏற்றிவிட்டாள். மீன் விற்கும் பெண்கள் அலுமினியச் சட்டியோடு ஏறுகிற பஸ் அது. முன்னெல்லாம் நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பேன். அன்று ஒரு அம்மாள், மடியில் முடிந்திருந்த நோட்டுகளை எண்ணிப் பார்க்காமல் பக்கெட்டில் போட்டுவிட்டு, என்னிடம் கேட்டாள்: "ஆருக்கா சுகமில்லாத்தது?"

"என் வீட்டுக்காரருக்கு."

"மாதாவு காக்கும் மோளே" என்று சொல்லி என் தலையில் கை வைத்தாள். கையில் மீன் வாடை. அக்காமாரே, சத்தியமாகச் சொல்கிறேன், நான் கும்பிட்ட அம்மைதான் அந்தக் கை. எனக்குச் சந்தேகமே இல்லை.

பணம் சேர்ந்ததால் ஊசி முடங்கவில்லை. காய்ச்சல் இறங்கியது, தையல் உலர்ந்தது, கிருமி வால்வுவரை போகவில்லை. ஓணம் கழிந்து இவரை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். மாதாமாதம் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் சமிதி ஒரு மருந்துக்கடையில் ஏற்பாடு செய்து தந்தது. இப்போது அரைநாள் கடைக்குப் போகிறார்.

வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் மாமா வந்தார். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தார். இவர் நெஞ்சில் பட்டை கட்டிக்கொண்டு, தலையணையில் சாய்ந்திருந்தார். நான் அதுவரை இவரிடம் எதுவும் சொல்லவில்லை. நெஞ்சு தாங்காது என்று பயம். ஆனால் சேச்சி வீட்டுப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

மாமா அதையும் இதையும் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "அந்தச் சமிதிக்காரங்க நன்னி சொல்லி ஃப்ளெக்ஸ் வைக்கப் போறாங்களாமே. அதுல நம்ம சமுதாயத்துப் பேரையும் சேத்துப் போடச் சொல்லு மக்கா. நாம கைவிட்டுட்டோம்னு ஊருல பேச்சு வரப்பிடாது பாத்துக்கோ."

எனக்கு நாக்கு துடித்தது. இவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மாமாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். தகப்பன் இல்லாத குறை தெரியாமல் வளர்த்த முகம்.

"கோயில் கணக்கு இனி நான் எழுதல மாமா. கணக்குப் பெட்டிச் சாவிய பகவதி தருவா" என்றார்.

மாமா சாவியை வாங்கிக்கொண்டு செருப்பு மாட்டும்போது காலை மாற்றி மாட்டினார். அவர் போன பிறகு இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதார். ஆபரேஷனுக்குக்கூட அழாத மனுஷன். அழுதால் நெஞ்சுத்தையல் இழுக்கும், வலிக்கும். வலிக்க வலிக்க அழுதார். அதை நான் எப்படி மறப்பேன்?

இப்போது எங்கள் சமிதியில் நானும் உண்டு. போன மாதம் வித்துராவில் இருந்து ஒரு குழந்தைக்கு, அதற்கும் இதயம்தான், பாயசம் வைத்தோம். அவர்கள் என்ன ஜாதி, என்ன சாமி என்று நான் கேட்கவில்லை. பிரியாணிப் பொதியும் கட்டினேன், கைக்கு உறை போட்டுக்கொண்டு. அம்மை ஒன்றும் கோபிக்கவில்லை.

உங்களுக்கும் கஷ்டம் வரும், வராமல் இருக்காது. அப்போது அம்மையிடம் கேளுங்கள். ஏசிக்கூடக் கேளுங்கள், அவள் பொறுப்பாள். எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுத்தேன். அந்த வாசலில்தான் எனக்குக் கதவைச் சாத்தினார்கள். நான் திருப்பி அனுப்பிய ஆள்தான் கஞ்சியோடு வந்தாள்.

மாமாவை மன்னித்துவிட்டாயா என்று சில அக்காமார் கேட்கிறீர்கள். வெள்ளி அங்கி சாத்திய அன்று நானும் கும்பிட வந்தேன். அம்மை ஜொலித்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மன்னிக்கும் மனசைக் கொடு என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டதெல்லாம் தந்தவள் இதை மட்டும் இன்னும் தரவில்லை. செவ்வாய்க்கிழமை விளக்கேற்றும்போது எனக்காக நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.